மோதிரம் எடுக்கும் லென்ஸ்

டாக்டரம்மாவிடம் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டு நின்றபோது எதிரே வந்தார். வணக்கம் வைத்தேன். யாரோ வழி கேட்க வருகிறார்கள் என்பதுபோல நின்று என் முகத்தைப் பார்த்தார். தினமும் காலையில் அவருடைய கிளினிக்கைத் திறந்து பெருக்கி, கருவிகளைக் கழுவி அடுக்கி, டோக்கன் கொடுத்து, சாயங்காலம்வரை அவர் பக்கத்திலேயே நிற்கிறவள் நான். சங்கடமாகப் போய்விட்டது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்துவைத்தேன். உடனே அவர் முகம் மலர்ந்தது.

"அட, செல்வியா. மேல் பல் ஓரத்துல உடைஞ்சிருக்கே, அதைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார்.

சின்ன காஞ்சிபுரத்தில் தேரடிக்குப் பக்கத்துத் தெரு. வீட்டின் முன்னறைதான் கிளினிக். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை மட்டும் அவருக்கு வரவே இல்லை. வாயைத் திறந்துவிட்டால் போதும். எந்தத் தெரு, போன தடவை எந்தப் பல்லுக்கு வந்தார், கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாரா, எல்லாம் வந்துவிடும். தாமல் பக்கத்திலிருந்து வரும் விவசாயி ஒருவர் புதுப் பல்செட் கட்டிக்கொண்ட சந்தோஷத்தில் பை நிறையக் கத்தரிக்காயோடு வாசலில் வந்து நின்றார். டாக்டரம்மா அவரைக் காய்க்காரர் என்று நினைத்து, கிலோ என்ன விலை என்று கேட்டார். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்த பிறகுதான் தான் கட்டிய செட் என்று தெரிந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

வரதர் கோயில் கருட சேவைக்கு எங்கள் ஊர் முழுக்கத் தெருவில் நிற்கும். பெருமாள் குடையோடு கோபுர வாசலைத் தாண்டும்போது அத்தனை பேரும் கையைத் தூக்கி "கோவிந்தா" என்பார்கள். டாக்டரம்மாவும் கைகூப்பிக்கொண்டு நிற்பார். ஆனால் கண் பெருமாள்மேல் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஊரே ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் அவரும் என்ன செய்வார் பாவம். ஒரு வருஷம் சேவை முடிந்த மறுநாள், கையுறை மாட்டிக்கொண்டே சொன்னார், எதிர்ப்பக்கம் நின்று கோவிந்தா போட்ட ஒருவருக்குக் கீழ்க் கடவாய்ப்பல் ரெண்டும் இல்லை, இப்படியே விட்டால் மேல்பல் இறங்கிவிடும், யாரென்று விசாரித்து வரச்சொல் என்று. ஆள் குட்டையா நெட்டையா என்றாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அதைப் பார்க்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, தான் பார்ப்பதை மற்றவர்கள் பார்ப்பதில்லை என்பது. சொத்தை உள்ளே இறங்கிவிட்டது என்பார். கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார். நாற்காலியில் இருப்பவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். வலி வந்தால் வருகிறேன்மா என்று எழுந்து போய்விடுவார். வெளியே போனதும், பல் டாக்டர் என்றால் அப்படித்தான் ஏதாவது சொல்லுவார்கள் என்று கூட வந்தவரிடம் பேசிக்கொண்டு போவது ஜன்னல் வழியாகக் கேட்கும்.

"நான் என்னவோ கதை கட்டறேன்னு நினைச்சுக்கறா செல்வி. படம் பிடிச்சுக் காட்டினாத்தான் நம்புவா" என்றார் ஒருநாள்.

அவர் வீட்டுக்காரர் பேங்கில் ஆபீஸர். வடநாட்டு யாத்திரை போனபோது வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்று பீரோவில் இருந்தது. அதை எடுத்துவந்தார். முதலில் மாட்டியவர் ஒரு வாத்தியார். கிட்டே போனால் கேமரா முனகிக்கொண்டு முன்னும் பின்னும் தேடிவிட்டுக் கைவிட்டுவிடும். அது ஒத்துக்கொள்ளும் தூரத்துக்குத் தள்ளி வந்தால் பல் அரிசி அளவுக்கும் மீசை வைக்கோல்போர் அளவுக்கும் விழுந்தது. கிட்டத்தில் எடுப்பதற்கென்றே மேக்ரோ லென்ஸ் என்று தனியாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து அந்தப் பைத்தியம் பிடித்தது.

புது லென்ஸின் விலையைப் போனில் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். அவ்வளவு கொடுத்து வாங்குவதற்கு அவர் என்ன சினிமாவா எடுக்கப்போகிறார். ஆனால் விடவும் மனசில்லை. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர் அவர். காய்க்காரம்மா திட்டினாலும் ஒடிப்பதை நிறுத்தமாட்டார். லென்ஸையும் அப்படித்தான் தேடினார்.

முதலில் வந்தது, இருக்கிற லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஒரு பூதக்கண்ணாடி. விலை மலிவு. நடுவில் இருக்கும் பல் பளிச்சென்று விழும். ஓரம் போகப்போகக் கலங்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஊதாக் கோடு வந்தது. "என்னடி இது, எல்லார் பல்லுக்கும் ஊதா பார்டர் போட்டுத் தர்றது" என்று கழற்றிவைத்தார்.

அடுத்தது ஒரு வளையம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுவது. கையில் வாங்கி விரலை விட்டுப் பார்த்தேன், மறுபக்கம் வந்தது. உள்ளே கண்ணாடியே இல்லாததற்கா காசு என்று கேட்டேன். லென்ஸைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தால் கிட்டத்தில் இருப்பது தெரியும், அதற்கு வெறும் காற்று போதும் என்று விளக்கினார். உண்மைதான், படம் நன்றாக வந்தது. ஆனால் அதற்கு லென்ஸை வாய்க்குள்ளேயே நுழைக்கிற மாதிரி கொண்டுபோக வேண்டியிருந்தது. மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் பனி படியும். திருப்புட்குழியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பல்லைக் குடைகிற புது மெஷின் என்று நினைத்து, நாற்காலியிலிருந்து இறங்கிக் கழுத்தில் கட்டிய துணியோடு தெருவுக்குப் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர டீக்கடைவரை நான் ஓடினேன்.

மூன்றாவதாக, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டும் ஒரு சாமான். அதில் ஒரு பல்லின் நுனி மட்டும் வைரம்போலத் தெளிவாக விழும். மற்றதெல்லாம் இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி. அதற்கும் அசராமல் ஒரு வாரம் கடுகு, எறும்பு, என் புடவை ஜரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பார்த்தார். என் முகூர்த்தப் புடவையின் ஜரிகையில் எங்கே தேய்ந்து உள்நூல் தெரிகிறது என்பதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது, இதை நான் கேட்டேனா என்று தோன்றியது.

கடைசியில் வழி காட்டியவர் காந்தி ரோட்டில் இருந்த ஸ்டுடியோக்காரர். கல்யாணப் படம் எடுப்பவர். அவரிடம் பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்று இருந்தது. நீளமானது, தள்ளி நின்றே எடுக்கலாம், யாருடைய மூச்சும் படாது. நிச்சயதார்த்த மோதிரம், தாலி, மருதாணிக் கை எல்லாம் எடுப்பதற்காக வாங்கியது, இப்போது எல்லோரும் வீடியோ கேட்பதால் சும்மா கிடக்கிறது என்றார். மோதிரம் எடுக்கிற லென்ஸில் பல் எடுத்தால் அதற்கே அவமானம் என்று அவருக்கு நினைப்பு. முகத்தில் தெரிந்தது.

டாக்டரம்மா அதை வாங்கி, வாய்க்குள் அடிக்கிற பேனா டார்ச்சை எடுத்து லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தார். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. பிடிக்கிற ரப்பர் தளர்ந்திருந்தது. தானாக ஃபோகஸ் ஆகும் விஷயத்தில் மட்டும் குறை. பழைய மிக்ஸிபோலச் சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்து, வரவேண்டிய இடத்துக்கு வந்து, அதையும் தாண்டிப் போய்விடும். அதனால்தான் விலை குறைத்துச் சொல்வதாக ஸ்டுடியோக்காரர் நேர்மையாகச் சொன்னார்.

"பல் எங்கேயும் ஓடாதே. கையால திருப்பிக்கறேன்" என்றார் டாக்டரம்மா.

ஒரு படம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். என்னை எடுப்பார் என்று நினைத்தேன். ஸ்டுடியோக்காரரை வாயைத் திறக்கச் சொன்னார். எத்தனையோ பேரைச் சிரிக்கச் சொன்ன மனிதர், தன் முறை வந்ததும் கூச்சத்தில் நெளிந்தார். எடுத்த படத்தைக் கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்த்த டாக்டரம்மா, விலைப் பேச்சையே விட்டுவிட்டார். ராத்திரியில் வலது பக்கம் சுள்ளென்று இழுக்குமே, குளிர்ந்த தண்ணீர் பட்டால் மண்டைவரை ஏறுமே என்று கேட்டார். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் பேரம் சுலபமாக முடிந்தது. அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து மூடி போட்டுத் தருவது, லென்ஸ் டாக்டரம்மாவுக்கு. அதன்பிறகு ஒவ்வொரு சிட்டிங்குக்கும் வரும்போது, அலமாரியில் இருக்கும் லென்ஸை, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்தவர்போல, நன்றாக வைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் ஏறுவார்.

லென்ஸின் வளையத்தைத் திருப்பி ஒரு இடத்தில் நிறுத்தி, அங்கே சிவப்பு நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தார் டாக்டரம்மா. யார் வந்தாலும் வளையம் அந்தப் புள்ளியில்தான் இருக்கும். கேமராவோடு தான் முன்னும் பின்னும் அசைந்து, தெளிவு வந்த இடத்தில் அமுக்குவார். அப்படி எடுத்தால் ஆடியில் எடுத்த படமும் தையில் எடுத்த படமும் ஒரே அளவில் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. கன்னத்தை விலக்கிப் பிடிப்பது என் வேலை.

டி.வி. மாதிரியான பெரிய திரையில் தங்கள் கடவாய்ப்பல்லைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஒரு அம்மா அழித்துவிடச் சொல்லிக் கையைப் பிடித்தார். இன்னொருவர் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னார், அப்போதாவது பணம் அனுப்புகிறானா பார்க்கலாம் என்று. பயந்துபோய் வராமல் நின்றவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரம்மா லென்ஸோடு வரதர் கோயிலுக்குப் போவார். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் தலையை நிமிர்த்திப் படமெடுக்கும் நூற்றுக்கால் மண்டபத்தில், இவர் எடுத்துவந்தது தூணில் இருக்கும் கல்குதிரையின் பல். முழுக் குதிரை ஒன்றுகூட இல்லை. சிற்பிக்குப் பல் அமைப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று பாராட்டு வேறு.

இதையெல்லாம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். அதிகம் சிரித்தது என் அண்ணன். பட்டுத்தறி நெய்கிறவர். பட்டுக்குப் பக்கத்தில் பீடி பிடிக்கமுடியாது, பொறி விழுந்தால் போச்சு. அதனால் தறியில் உட்காரும்போது பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவைப் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். சாப்பாட்டுக்கு எழும்போதுதான் துப்புவார். கடைசிப் பல்லில் வலி என்று ஓர் ஆடி மாதம் புலம்பியபோது கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா வலிக்கிற பல்லைப் பார்த்தார். பிறகு கன்னத்தின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அங்கே காய்ந்த தயிர் ஒட்டியதுபோல வெள்ளையாக ஒரு திட்டு. படம் எடுத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கவேண்டும், மாவாவை இன்றைக்கே விடவேண்டும் என்றார். அண்ணன் அப்போதும் சிரித்தார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா. காரம் பட்டு வெளுத்துக்கினு இருக்குது. எங்க தெருவுல பாதிப் பேருக்கு இப்படித்தான்."

டாக்டரம்மா என்னிடமும் சொன்னார், எங்கள் அண்ணியிடம் போனிலும் சொன்னார். தீபாவளிப் புடவை முடியட்டும் என்றார் அண்ணன். முடிந்ததும் தை முகூர்த்தப் புடவை வந்தது. மறுபடி அவர் கிளினிக்குக்கு வந்தது பொங்கலுக்குப் பிறகு, அதுவும் கரும்பு கடித்துப் பல் ஆடியதால்.

டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. படம் எடுத்தார். பழைய படத்தையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெளிச்சம். எதையும் விளக்கவில்லை. நாற்காலியை மட்டும் திரைப்பக்கம் திருப்பிவிட்டார்.

அண்ணன் கொஞ்சநேரம் உட்கார்ந்தபடியே பார்த்தார். பிறகு எழுந்து திரைக்குக் கிட்டே போனார். புடவையில் எங்கோ இழை விட்டிருக்கிறது என்று தெரிந்தால் தறிக்குமேல் குனிவாரே, அப்படிக் குனிந்தார். புதுப் படத்தில் வெள்ளைத் திட்டு அகலமாகியிருந்தது. நடுவில் சிவப்பாக, குங்குமப்பொட்டை ஈரவிரலால் தொட்டதுபோல ஒரு இடம். அதன்மேல் விரலை வைத்தார்.

"இங்க மட்டும் வேற மாதிரி இருக்குதே டாக்டரம்மா. போன தடவை இது இல்லியே."

"இல்லே" என்றார் டாக்டரம்மா.

"என்னாது இது?"

"பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். ஆனா அதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர் ஒருவர் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாயா என்று கேட்டார். வெளியே வந்ததும் பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போய் மாவாப் பொட்டலத்தை எடுத்தது. பிரித்து மூக்குவரை கொண்டுபோனவர், மறுபடி மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அன்றைக்கு எறியவில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்குத்தான் எறிந்தார்.

புற்றுதான். ஆனால் ஆரம்பம், வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷன் நடந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டில் எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனார். கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தாண்டினார். அண்ணனுக்குத் தாடையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் குழாய். வாய் எங்கே தெரிகிறது. நான் வெளியிலிருந்து இளநீர் வாங்கிவந்தபோது இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கையைத் தூக்கித் தூக்கிக் கூப்பிடுகிறார், இவர் வேறு யாருக்கோ என்று நினைத்துப் பணிவாக ஒதுங்கிக்கொள்கிறார். நான் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்து நான் கண்டதில்லை.

"உங்க அண்ணாவுக்கு இத்தனை பெரிய கண்ணா செல்வி" என்றார் மெல்ல. அண்ணனுக்கு அந்தக் கண் நிறைந்துவிட்டது. பேசமுடியாது என்பதால் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

அண்ணன் இப்போதும் நெய்கிறார். வாய் முன்புபோல அகலமாகத் திறக்காது, தோசையைச் சுருட்டித்தான் சாப்பிடுவார். காரம் ஒத்துக்கொள்வதில்லை. கன்னத்தில் எதையாவது அடக்கிப் பழகியவர் என்பதால், தறியில் உட்காரும்போது உலர்ந்த நெல்லிக்காய்த் துண்டு ஒன்று வேண்டும். பாக்கு மடிப்பதுபோல அண்ணிதான் அதை மடித்துத் தருகிறார்.

அதற்கு அடுத்த வருஷம் டாக்டரம்மாவின் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. கிளினிக்கை மூடினார்கள். நாற்காலியை லாரியில் ஏற்றின அன்று, நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லையே என்று அண்ணன்தான் சொன்னார். சாமான் ஏற்ற உதவிக்கு வந்திருந்தார். கேமராவில் மாட்டியிருந்தது அந்த நீள லென்ஸ். மற்ற லென்ஸ் எந்தப் பெட்டியில் போனதென்று தெரியவில்லை. டாக்டரம்மா, அவர் வீட்டுக்காரர், அண்ணன், மூவரும் வாசலில் நின்றார்கள். நான் கேமராவில் பார்த்தேன். டாக்டரம்மாவின் ஒரு காது மட்டும் தெரிந்தது.

பின்னால் போகச் சொன்னார்கள். போனேன். படியிறங்கினேன். இப்போது மூக்கும் சேர்ந்தது. இன்னும் போ என்றார்கள். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் முதுகு ஒட்டும்வரை போனேன். அப்போதும் அண்ணனின் பாதி உடம்புதான் வந்தது. எதிர்வீட்டம்மாவிடம் சொல்லிக் கேட்டைத் திறந்து, அவர்கள் துளசிமாடத்துக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் மூவரும் அடங்கினார்கள். வளையத்தைத் திருப்பித் தெளிவு கொண்டுவந்து அமுக்கப்போகும் நேரம் ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து நின்றது. அது போனதும் ஒரு மாடு வந்தது. மாடு நின்று, டாக்டரம்மா வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்றை ஒரு இழுப்பு இழுத்தது. அண்ணன் அதை விரட்டப் போய் அது அவரை விரட்ட, டாக்டரம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். அமுக்கினேன்.

அன்று ராத்திரி, கேமராவிலிருந்து என் போனுக்கு மாற்றிக்கொண்டிருந்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளினிக்கில் டாக்டரம்மாவுக்கு எப்போதும் மாஸ்க். சாப்பாடு மாடியில். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் நான் அவர் பல்லைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இடது பக்கம் அழகான ஒரு தெத்துப்பல், பக்கத்துப் பல்லின்மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

படத்தை அனுப்பிவிட்டு, ஊருக்கெல்லாம் கிளிப் போட்டு நேராக்கிய நீங்கள் உங்கள் பல்லை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு பதில் போட்டார்.

"அந்த நாற்காலில நானா? எனக்கு ரொம்ப பயம் செல்வி. யார்கிட்டயும் சொல்லாதே."